அச்சில் வந்த சாகசமும் மேசையில் நடக்கும் ஆட்டமும்

காட்டுப் பாதையின் குறுக்கே இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கின்றன. உடம்பில் கறுப்பு இறகு கட்டிய அம்புகள். இருபுறமும் மேடு, அடர்ந்த புதர். 2014-இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ தொடக்கப் பெட்டியோடு வந்த ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபான்டெல்வர்’ என்ற 64 பக்கச் சாகசம் இப்படித்தான் தொடங்குகிறது. புதருக்குள் காப்ளின் என்ற குட்டி அரக்கப் பிராணிகள் நான்கு ஒளிந்திருப்பது ஆட்டத்தை நடத்துபவருக்குத் தெரியும். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது.

நான் இதை முதல்முறை நடத்தியபோது மூன்று காப்ளின்கள் செத்தன, ஒன்று பிடிபட்டது. பிடிபட்ட காப்ளின் என்னென்ன சொல்லும் என்று புத்தகம் எழுதிவைத்திருக்கிறது. குகைக்கு எது வழி, உள்ளே எத்தனை பேர், தலைவன் யார் என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். என் தங்கையின் தோழிக்கு அதுதான் முதல் ஆட்டம். அவள் இவற்றில் ஒன்றையும் கேட்கவில்லை. “அண்ணா, இதுக்குப் பேரு என்ன?” என்றாள். பக்கத்தைப் பார்த்தேன். பேர் இல்லை. “சரி, கடைசியா எப்ப சாப்பிட்டுச்சாம்?” அதுவும் இல்லை.

அச்சான ஒரு சாகசத்தை ஒரு குழுவுக்கு நடத்துவதில் உள்ள சிக்கல் முழுவதும் இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடும். எழுதியவர் விட்ட இடத்தை நடத்துபவர் எவ்வளவு நிரப்பலாம்? புத்தகத்தை விட்டு எவ்வளவு தூரம் விலகலாம்? விலகினால் அது இன்னும் அந்தச் சாகசம்தானா? ஏறக்குறைய ஐம்பது வருஷமாக இந்தப் புத்தகங்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு காலமும் இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு விடையைச் சொல்லியிருக்கிறது.

ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. மேசையில் நாலைந்து பேர். ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆளுக்கொரு பாத்திரம்: வாள்வீரன், மந்திரவாதி, திருடன், பூசாரி. மிச்சமுள்ள ஒருவர் டன்ஜன் மாஸ்டர். உலகத்தை வர்ணிப்பது, எதிரிகளுக்காகவும் ஊர்மக்களுக்காகவும் பேசுவது, விதிகளைத் தீர்ப்பது எல்லாம் அவர் வேலை. நான் இதைச் செய்கிறேன் என்று ஆட்டக்காரர் சொல்வார். முடியுமா முடியாதா என்ற சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடை உருளும். மாஸ்டர் கதையைத் தானே புனையலாம். நேரமோ தைரியமோ இல்லாதவர் யாரோ எழுதிய சாகசத்தை வாங்கி நடத்தலாம். அப்படி வாங்கி நடத்துவதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிறிய ஊர். அங்கிருந்துதான் டி.எஸ்.ஆர். நிறுவனம் 1974-இல் இந்த ஆட்டத்தை வெளியிட்டது. ஆக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள். விதிகள், மந்திரங்கள், பிராணிகள், பொக்கிஷங்கள் எல்லாம் இருந்தன. எடுத்தவுடன் ஆடும்படி ஒரு முழுச் சாகசம் இல்லை. சாகசம் நடக்கும் நிலவறையை அவரவரே வரைந்துகொள்வார்கள் என்பதுதான் எண்ணம். அடுத்த வருஷம் வந்த ‘பிளாக்மூர்’ இணைப்பில் ஆர்னசன் ‘டெம்பிள் ஆஃப் த ஃப்ராக்’ என்ற ஒரு சாகசத்தைச் சேர்த்தார். 1976-இல் வீ வாரியர்ஸ் என்ற சின்ன நிறுவனம் ‘பேலஸ் ஆஃப் த வேம்பயர் குவீன்’ என்று தனியாக ஒன்றை வெளியிட்டது. அறை எண், உள்ளே என்ன பிராணி, அதன் உயிர்ப்புள்ளி எத்தனை, பொக்கிஷம் எது என்று கணக்குப் பேரேடு போலக் கட்டம் கட்டிய பக்கங்கள். அந்தப் பிராணிகள் அங்கே ஏன் இருக்கின்றன என்று கேட்டால் பேரேட்டில் பதில் கிடையாது.

சாகசப் புத்தகத்தின் சுபாவத்தைத் தீர்மானித்ததில் போட்டிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1975-இல் ‘ஆரிஜின்ஸ்’ மாநாட்டுப் போட்டிக்காகக் கைகாக்ஸ் ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ என்ற கல்லறையைத் தயாரித்தார். 1978-இல் அது அச்சுக்கு வந்தது. பல குழுக்கள், பல நடுவர்கள், ஒரே கல்லறை. யார் அதிக தூரம் போனார்கள் என்று ஒப்பிட வேண்டுமானால் எல்லோருக்கும் ஒரே அறை, ஒரே பொறி, ஒரே வர்ணனை கிடைத்திருக்க வேண்டும். ஆட்டக்காரர்களுக்குக் காட்டவென்றே தனிப் படப் புத்தகமும் அதில் இருந்தது. அதில் ஒரு படத்தில் பச்சை நிறப் பிசாசு முகம், அகலத் திறந்த வாய், உள்ளே இருட்டு. அந்த வாய்க்குள் நுழைந்தவர் அத்தோடு சரி. உடம்பு, உடைமை ஒன்றும் மிஞ்சாது. போட்டியில் ஒரு நடுவர் இரக்கப்பட்டு அந்த முகத்தின் முன்னால் ஒரு எச்சரிக்கையைச் சேர்த்தால், பக்கத்து மேசைக்கு அது துரோகம்.

எழுதியபடியே நடத்துவதுதான் நியாயம் என்ற எண்ணம் இந்தப் போட்டிகளில்தான் வேர் பிடித்தது என்று நினைக்கிறேன். ஆட்டக்காரர்களுக்கு உரக்கப் படிக்கவென்று கட்டம் கட்டி அச்சிடும் வர்ணனையும் அந்தப் போட்டி உலகத்துக்குப் பொருந்திய ஏற்பாடு. வீட்டு மேசையில் ஒப்பிட யாரும் இல்லை. அங்கே நாலு பேர், ஒரு மதியம், ஒரு கதை. போட்டிக்கு உரிய நியாயத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தால் மாஸ்டர் தேர்வுக் கண்காணிப்பாளர் ஆகிவிடுகிறார்.

இதற்கு நேர் எதிராக இன்னொரு வழியும் அதே காலத்தில் அதே நிறுவனத்திலிருந்து வந்தது. அதைப் பற்றி இன்னும் நிறையப் பேர் பேச வேண்டும் என்பது என் ஆசை. மைக் கார் எழுதிய ‘இன் சர்ச் ஆஃப் த அன்னோன்’ தொடக்கப் பெட்டியோடு வந்த சாகசம். ரோகான், ஸெல்லிகர் என்ற இரண்டு பேர் கட்டிவிட்டுப் போன நிலவறை அது. அறைகளின் வர்ணனை முழுசாக இருக்கும்: சுவர், கதவு, உடைந்த நாற்காலி, வேலைப்பாடு மிக்க கட்டில் என்று. ஆனால் பிராணி என்ற இடத்திலும் பொக்கிஷம் என்ற இடத்திலும் வெறும் கோடு. பின்னால் ஒரு பட்டியல் இருக்கும். அதிலிருந்து எடுத்து மாஸ்டரே கோட்டின் மேல் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதும்போதே அவர் யோசிக்க வேண்டியிருக்கிறது. சமையலறையில் யார் இருப்பார்கள்? படுக்கையறையில் ஒரு ஓர்க் இருந்தால் அது அங்கே என்ன செய்கிறது? புத்தகம் தன் வேலையில் பாதியை வேண்டுமென்றே விட்டுவைத்து, நடத்துபவருக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது.

அதற்கு அடுத்து தொடக்கப் பெட்டியில் வந்தது கைகாக்ஸின் ‘த கீப் ஆன் த பார்டர்லேண்ட்ஸ்’. எல்லையில் ஒரு கோட்டை. அருகே கேயாஸ் குகைகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கூட்டம். கோட்டைத் தலைவர், பூசாரி, நகை வியாபாரி, விடுதிக்காரர் எல்லோரும் உண்டு. யாருக்கும் பேர் கிடையாது. இதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் அதிகம் பிடித்தது வேறு ஒரு சங்கதி. காப்ளின் குகையைத் தாக்கினால் காப்ளின்கள் ஒரு ரகசியக் கதவைத் திறந்து 250 பொற்காசு உள்ள பையைப் பக்கத்துக் குகையில் இருக்கும் ஓகர் என்ற ராட்சசனுக்கு எறியும். காசு வாங்கிக்கொண்ட ஓகர் வந்து அவர்களுக்காகச் சண்டை போடும். சில வரிதான். ஆனால் அந்தச் சில வரியில் ஒரு ஏற்பாடு, ஒரு பயம், ஒரு பேராசை எல்லாம் இருக்கின்றன. ஆட்டக்காரர்கள் அந்த ஓகருக்கு 300 பொற்காசு கொடுத்தால் என்ன ஆகும் என்று புத்தகம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ஓகருக்கு என்ன வேண்டும் என்று நமக்குத் தெரியும்.

சாகசத்தை எடுத்ததும் பெரும்பாலோர் என்ன நடக்கும் என்று தேடிப் படிக்கிறார்கள். நடத்துபவர் படிக்க வேண்டியது யாருக்கு என்ன வேண்டும் என்பதை. நடக்கப்போவதை ஆட்டக்காரர்கள் முதல் பத்து நிமிஷத்திலேயே மாற்றிவிடுவார்கள். வேண்டுவதை அவர்களால் அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

எண்பதுகளில் கதை உள்ளே வந்தது. டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதியர் எழுதிய ‘ரேவன்லாஃப்ட்’ 1983-இல் வெளியானது. அதுவரை நிலவறையின் கடைசி அறையில் காத்திருந்த அரக்கனுக்குப் பதிலாக ஸ்ட்ராட் ஃபான் ஸரோவிச் வந்தான். இரத்தக் காட்டேரி, கோட்டைக்குச் சொந்தக்காரன், கிடைக்காமல் போன ஒரு பெண்ணின் மேல் இன்னும் ஆசை வைத்திருப்பவன். அவன் ஒரே அறையில் உட்கார்ந்திருக்க மாட்டான். அவனே தேடி வருவான், தாக்குவான், விலகுவான், மறுபடி வருவான். ஆட்டத்தின் நடுவே குறி சொல்லும் ஒருத்தி சீட்டு எடுக்கிறாள். அவனைக் கொல்ல உதவும் பொருட்கள் கோட்டையில் எங்கே இருக்கின்றன, அவன் உத்தேசம் என்ன என்பதையெல்லாம் அந்தச் சீட்டுகள்தான் தீர்மானிக்கும். ஆகவே ஒரே புத்தகம் இரண்டு மேசையில் இரண்டு விதமாக அமையும். கதை இருந்தும் அதற்குள் சந்து விட்டார்கள் ஹிக்மன் தம்பதியர். அந்தச் சந்துதான் அந்தப் புத்தகத்தின் ஆயுள். இந்த ஆட்டத்தை இப்போது வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 2016-இல் ‘கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்’ என்று 256 பக்கத்தில் அதை விரித்து எழுதியபோதும் சீட்டுக் குறியைக் கைவிடவில்லை.

அதே டிரேசி ஹிக்மன் 1984-இல் தொடங்கிய ‘டிராகன்லான்ஸ்’ வரிசை வேறு பக்கம் போயிற்று. ஒன்றன்பின் ஒன்றாக வந்த பல புத்தகங்கள், நாவல்கள், ஏற்கெனவே பேரும் குணமும் கொடுக்கப்பட்ட கதாநாயகர்கள். கதைக்கு அடுத்த புத்தகத்திலும் தேவைப்படும் ஒரு முக்கியமான ஆள் இதிலேயே செத்துப்போனால் என்ன செய்வது? அதற்கு ஒரு விதி வைத்திருந்தார்கள்: அவர் சாவு தெளிவில்லாமல் நடக்க வேண்டும், உடல் கிடைக்கக் கூடாது, பிறகு எப்படியோ பிழைத்து வரலாம். எழுதியவர்களின் கஷ்டம் புரிகிறது. ஆனால் மேசையில் இதன் பொருள் என்ன? ஒருத்தி உயிரைப் பணயம் வைத்து ஒருவனை மலையிலிருந்து தள்ளுகிறாள். பகடை அவளுக்குச் சாதகமாக விழுகிறது. மாஸ்டர் மனசுக்குள் “அவன் சாக மாட்டான்” என்று நினைத்துக்கொள்கிறார். இந்த ஆட்டத்தின் உலகத்தில் இதற்கு ரெயில்ரோடிங் என்று பேர். தண்டவாளம் ஏற்கெனவே போட்டாயிற்று; ஆட்டக்காரர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும் பயணிகள்.

நானும் அந்தத் தண்டவாளத்தைப் போட்டிருக்கிறேன். ‘லாஸ்ட் மைன்’ சாகசத்தில் ஃபான்டலின் என்ற ஊரை ரெட்பிராண்ட் என்ற ரவுடிக் கும்பல் ஆட்டிப்படைக்கிறது. அதன் தலைவன் யார்னோ என்ற மந்திரவாதி. அவன் வளர்க்கும் எலி ஒன்று வேவு பார்த்துச் சொல்லும். ஆபத்து நெருங்கினால் அவன் ரகசியக் கதவு வழியாக நழுவப் பார்ப்பான். என் குழு இதை ஊகித்துவிட்டது. காட்டுப் பக்கம் இருக்கும் வெளிவாசலில் ஒருவனைக் காவல் வைத்தார்கள். எனக்கோ யார்னோ பின்னால் தேவைப்பட்டான். ஏதோ ஒரு மந்திரம் சொன்னான், மறைந்தான் என்று சொல்லித் தப்பவிட்டேன். காவலுக்கு நின்ற பையன் ஒன்றும் பேசவில்லை. பகடையை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். அன்று மிச்ச நேரம் முழுக்க அவன் தன் பாத்திரத்துக்காக ஒரு முடிவும் எடுக்கவில்லை; மற்றவர்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினான். அடுத்த வாரம் முதல் வேலையாக எல்லோரிடமும் நடந்ததைச் சொன்னேன். தப்பித்ததை ரத்து செய்தோம். வாசலுக்கு ஓடிவந்த யார்னோ அவன் கையில் சிக்கினான். அதற்குப் பிறகு நடந்த விசாரணைதான் அந்தச் சாகசத்திலேயே எங்களுக்கு மறக்க முடியாத காட்சி. யார்னோ முதலில் நல்லவர்கள் பக்கம் இருந்தவன். அவனைத் தேடித்தான் சில்டார் என்ற வீரர் அந்த ஊருக்கே வருகிறார். இருவரும் எதிரெதிரே உட்கார வேண்டும் என்று புத்தகத்தில் இல்லை. ஆட்டக்காரர்கள் உட்காரவைத்தார்கள்.

2014-க்குப் பிறகு வந்த பெரிய புத்தகங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவற்றுக்கு முன்பே பைஸோ நிறுவனம் 2007-இல் ‘ரைஸ் ஆஃப் த ரூன்லார்ட்ஸ்’ மூலம் ஆறு பாகத் தொடர் சாகசத்தை வழக்கமாக்கியது. பின்னர் விஸார்ட்ஸ் நிறுவனம் தடித்த அட்டையில் இருநூறு பக்கத்துக்கு மேல் ஒரே புத்தகமாக வெளியிடத் தொடங்கியது. படிக்கச் சுகமான புத்தகங்கள். சோபாவில் சாய்ந்து நாவல் போலப் படிக்கலாம். மேசையில் அந்தச் சுகமே இடைஞ்சலாகிறது. ஒரு கதவைத் திறந்தால் உள்ளே யார் என்ற விவரம் மூன்றாவது பத்தியின் நடுவில் இருக்கும். அந்த ஆளின் ரகசியம் நாற்பது பக்கம் தள்ளி இன்னொரு அத்தியாயத்தில் இருக்கும். ஐந்து பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, விரலால் பக்கம் தேடும் அந்த அரை நிமிஷம் எவ்வளவு நீளம் என்பது நடத்தியவருக்குத்தான் தெரியும்.

இந்தக் குறைக்குப் பழைய பாணியை விரும்பும் சிறு பதிப்பாளர்கள் நல்ல தீர்வு கண்டார்கள். கேவின் நார்மனின் ‘ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ்’ வரிசையில் ஒரு அறையின் வர்ணனை சில தடித்த சொற்கள், அவற்றின் கீழ் சில சொற்றொடர்கள், அவ்வளவுதான். கண்ணை ஓடவிட்டாலே அறை மனசுக்குள் வந்துவிடும். எழுபதுகளின் டி.எஸ்.ஆர். புத்தகங்களிலும் இந்த அக்கறை வேறு ரூபத்தில் இருந்தது. அட்டை தனியாகக் கழன்று வரும். உள்பக்கத்தில் நீல நிற வரைபடம். நிறுத்திவைத்தால் ஆட்டக்காரர் பார்வையை மறைக்கும் தடுப்பு. நடத்துபவரின் கைக்கு என்ன வேண்டும் என்று யோசித்தவர்கள் செய்த வேலை அது. அந்த யோசனை பெரிய புத்தகங்களுக்குத் திரும்ப வேண்டும்.

சில புத்தகங்களில் கோளாறு அமைப்பில் இல்லை, நம்பிக்கையில். 2014-இல் வந்த ‘ஹோர்ட் ஆஃப் த டிராகன் குவீன்’ தொடங்கும்போது கிரீனெஸ்ட் என்ற ஊர் எரிந்துகொண்டிருக்கும். மேலே டிராகன் ஒன்று வட்டமிடும். ஆட்டக்காரர்கள் முதல் படியில் இருக்கும் பச்சைப் பிள்ளைகள். அவர்கள் அந்த ஊருக்குள் ஓடுவார்கள் என்று புத்தகம் நம்புகிறது. புத்தி உள்ள யாரும் வந்த வழியே திரும்பிவிடுவார்கள். இதற்கு மருந்து ஆட்டம் தொடங்கும் முன்பே இருக்கிறது. பாத்திரம் உருவாக்கும்போதே ஒவ்வொருவரிடமும் “இந்த ஊரில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டுவிட வேண்டும். அத்தை ஒருத்தி, கடன் கொடுத்த வியாபாரி ஒருவர், பிரிந்துபோன தம்பி ஒருவன் என்று அவர்களே சொல்வார்கள். பிறகு எரிவது வெறும் ஊர் இல்லை.

இப்போது வேலைமுறை. ஜஸ்டின் அலெக்ஸாண்டர் என்பவர் எழுதிய மூன்று துப்பு விதி இந்த வட்டாரத்தில் பிரசித்தம்: ஆட்டக்காரர்கள் ஒரு முடிவுக்கு வர வேண்டுமானால் அதற்குக் குறைந்தது மூன்று துப்புகளாவது வைத்திருக்க வேண்டும். ஒன்றைத் தவறவிடுவார்கள், ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது கைகொடுக்கும். பல சாகசங்கள் ஒரே ஒரு துப்பை ஒரே ஒரு மேஜை டிராயரில் பூட்டிவைக்கின்றன. டிராயரை யாரும் திறக்காவிட்டால் கதை நின்றுபோகும். மைக் ஷே 2018-இல் வெளியிட்ட ‘ரிட்டர்ன் ஆஃப் த லேஸி டன்ஜன் மாஸ்டர்’ இதை இன்னும் எளிதாக்குகிறது. ஒவ்வொரு முறை உட்காரும் முன்பும் பத்து ரகசியங்களை ஒரு தாளில் எழுதிக்கொள். அவை எங்கே, யார் வாயால் வெளிவரும் என்று தீர்மானிக்காதே. ஆட்டக்காரர் எந்தக் கதவைத் தட்டுகிறாரோ அங்கே ஒன்று வெளிவரட்டும். அச்சான சாகசத்துக்கு இது மிகப் பொருத்தம். நாற்பது பக்கம் தள்ளி இருக்கும் ரகசியத்தைத் தாளுக்கு மாற்றிவிட்டால் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை.

இதோடு நான் சேர்த்துக்கொண்டது ஒன்று உண்டு. பேர் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரே வரியில் ஆசையை எழுதுகிறேன். ‘லாஸ்ட் மைன்’ முதல் குகையில் யீமிக் என்ற காப்ளின் இருக்கிறான். சில்டாரைப் பணயமாக வைத்துக்கொண்டு, “கிளார்க் தலையைக் கொண்டுவா, இவரை விடுகிறேன்” என்று பேரம் பேசுவான். கிளார்க் அவனுடைய தலைவன். அந்தப் பகுதி முழுவதையும் நான் ஒரே வரியாகச் சுருக்கினேன்: ‘யீமிக்: தலைவன் ஆக வேண்டும்.’ பேரம், மிரட்டல், வாக்கு மாறுதல் எல்லாம் அந்த வரியிலிருந்து தானே வரும். அதே சாகசத்தில் ரெட்பிராண்ட் மறைவிடத்துக்குள் ஒரு பள்ளத்தில் நாதிக் என்ற ஒற்றைக் கண் பிராணி. என் தாளில்: ‘பசி. தனிமை. பிறர் ரகசியம் என்றால் உயிர்.’ என் குழு சண்டைக்கு வாளை உருவியது. அது மனசுக்குள் பேசுகிறது என்றேன். பூசாரியாக ஆடிய பெண், “அண்ணா, அதுக்குப் பசிக்குதான்னு கேளுங்க” என்றாள். மறுபடியும் அதே கேள்வி. அரை மணி நேரம் ஒரு பகடை உருளவில்லை. பிணம் தின்னும் பிராணியோடு பேரம் பேசி, செத்துப்போன ஒரு மரத்தச்சரின் உடலைத் தொடாமல் விடச் சொல்லி, அதற்குப் பதில் ஆட்டிறைச்சி வாக்குக் கொடுத்து, கடைசியில் கும்பலின் தலைவன் எங்கே தூங்குவான் என்று தெரிந்துகொண்டார்கள். நாதிக்கோடு பேரம் பேசலாம் என்று புத்தகமே சொல்கிறது. ஆட்டிறைச்சி அவர்களுடையது.

சாவைப் பற்றியும் பேச வேண்டும். அந்த முதல் காப்ளின் தாக்குதல் பார்வைக்குச் சின்னதாக இருந்தாலும் கொடுமையானது. ஒரு காப்ளினின் அடி ஆறு முகப் பகடையோடு 2, உச்சம் 8. முதல் படி மந்திரவாதியை ஒரே அடி சாய்த்துவிடலாம். ஆட்டமே புதிதாக வந்தவர் பத்தாவது நிமிஷத்தில் விழுந்து கிடப்பார். சாகசத்தை எழுதியவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறுதல். குழு தோற்றால் காப்ளின்கள் கொல்லாது. மயங்கிக் கிடப்பவர்களைக் கொள்ளையடித்துவிட்டுப் போய்விடும். விழித்து எழுந்து ஊருக்குப் போய்ப் புதுச் சாமான் வாங்கிக்கொண்டு மறுபடி தொடங்கலாம். தோல்வி கதையை முடிக்காமல் கதையைத் திருப்பும்படி எழுதியிருக்கிறார்கள். அச்சான சாகசத்தை மதிப்பிட நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: தோற்றால் என்ன என்று ஒரு வரியாவது இருக்கிறதா? இல்லாவிட்டால் நடத்தும் முன் நானே எழுதிக்கொள்கிறேன். பகடையைத் திரைக்குப் பின்னால் உருட்டி எண்ணை மாற்றிச் சொல்வதை நான் விட்டுவிட்டேன். எதிரிக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தால் பொய் சொல்லத் தேவை வருவதில்லை. காப்ளினுக்கு வேண்டியது ஆட்டக்காரர்கள் ஓட்டிவரும் வண்டியில் உள்ள சாமான், பிணங்கள் இல்லை.

எல்லாப் புத்தகத்தையும் அப்படியே மேசைக்குக் கொண்டுவரவும் கூடாது. ‘கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்’ தொடக்கத்தில் வரும் டெத் ஹவுஸ் பகுதியில் பட்டினியால் செத்த இரண்டு குழந்தைகளின் ஆவிகள் உண்டு. பெற்றோராக இருக்கும் ஆட்டக்காரருக்கு அது வேறு மாதிரி படும். முதல் நாளே உட்கார்ந்து எது வேண்டாம், எதைத் திரைக்குப் பின்னால் வைக்கலாம் என்று பேசிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது, நல்ல வழக்கம். 2013-இல் ஜான் ஸ்டாவ்ரொபூலஸ் அறிமுகப்படுத்திய எக்ஸ் அட்டை அதன் எளிய வடிவம்: மேசை நடுவே ஓர் அட்டை, யாராவது தொட்டால் அந்த விஷயம் காட்சியிலிருந்து நீங்கும், காரணம் கேட்கக் கூடாது. ‘கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்’ புத்தகத்திலேயே குறி சொல்லும் விஸ்தானி மக்களைச் சித்தரித்த விதம் ரோமானி மக்களைப் பற்றிய பழைய இழிவுகளை எதிரொலித்தது. 2020-இல் விஸார்ட்ஸ் நிறுவனமே அதை ஒப்புக்கொண்டு திருத்திய பதிப்பை வெளியிட்டது. பழைய பிரதி வைத்திருப்பவர் அந்தத் திருத்தத்தைத் தானே செய்துகொள்ள வேண்டும். ஒரு மக்கள் கூட்டம் முழுவதையும் குடிகாரர், ஏமாற்றுக்காரர் என்று நம் வாயால் வர்ணிக்கும்போது, அதை எழுதியவர் வேறு யாரோ என்று தப்பிக்க முடியாது.

தமிழில் நடத்துபவருக்கு இன்னொரு வேலை இருக்கிறது. எனக்கு அது இந்த ஆட்டத்தின் பெரிய சந்தோஷங்களில் ஒன்று. கட்டத்துக்குள் இருக்கும் ஆங்கில வர்ணனையை அப்படியே படித்தால் மூன்றாவது வாக்கியத்தில் ஆட்டக்காரர்கள் தலை குனிந்து போனைப் பார்ப்பார்கள். ஒரு வாசனை, ஒரு சத்தம், அசையும் ஒரு பொருள் என்று மூன்றைப் பொறுக்கிக்கொண்டு நம் பேச்சில் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள். பேச்சு என்று வந்தால் ஆங்கிலத்தில் இல்லாத ஒரு முடிவைத் தமிழ் கேட்கிறது. ‘கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்’ கதையில் ஸ்ட்ராட் ஆசைப்படும் இரீனா என்ற பெண் தன் சகோதரனை அண்ணா என்பதா தம்பி என்பதா? விடுதிக்காரர் நம்மை சாமி என்பாரா, வாங்க போங்க என்பாரா? எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்ட்ராட் நம்மை எப்படி அழைப்பான்? ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல். தமிழில் நீ, நீர், நீங்கள். வாயைத் திறக்கும் முன் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

நான் அவனை எல்லோரிடமும் “நீங்கள்” என்றே பேசவைத்தேன். நூற்றாண்டுகளாகப் பிரபுவாக இருப்பவன், விருந்தாளியை மரியாதையாக நடத்துவான்; அந்த மரியாதையே பயமுறுத்தியது. இரீனாவிடம் மட்டும் “நீ”. அவள் தன் பழைய காதலி மறுபடி பிறந்தவள் என்று நம்புகிறான், உரிமை எடுத்துக்கொள்கிறான். அந்த ஒரு எழுத்தில் அவன் ஆசை முழுவதும் மேசைக்கு வந்துவிட்டது. யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கோட்டை விருந்தில் பூசாரியாக ஆடிய பெண் அவன் முகத்துக்கு நேரே பொய் சொன்னாள். ஸ்ட்ராட் கோப்பையைக் கீழே வைத்தான். “நீ பொய் சொல்கிறாய்” என்றேன் மெதுவாக. அவள் கையில் இருந்த பகடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்தவனிடம் “ஓடலாமா?” என்று கேட்டாள்.

முதல் நாள் பிடிபட்ட காப்ளினுக்கு வருகிறேன். பேர் கேட்டவளுக்கு என்ன சொல்வது என்று யோசித்த நேரத்தில், அதற்கு என்ன வேண்டும் என்றுதான் யோசித்தேன். கிளார்க்கிடம் ஒரு ஓநாய் உண்டு, புத்தகத்தில் இருக்கிறது. அந்த ஓநாய்க்குப் போட்டது போக மிச்சம்தான் காப்ளின்களுக்கு என்று நான் சேர்த்தேன். “கருவண்டு” என்றேன். “ரெண்டு நாளா சாப்பிடல.” அவள் தன் பாத்திரத் தாளில் இருந்த உலர் உணவில் ஒரு நாளைக்கானதை அடித்துவிட்டு, “இந்தா” என்றாள். கருவண்டு பொறிகளைத் தவிர்த்து அவர்களைக் குகைக்கு அழைத்துப் போயிற்று. ஓநாயை அவிழ்த்துவிட்டதும் அதுதான். நான் அதையெல்லாம் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் குறித்துக்கொண்டேன்.

போன வருஷம் வேறொரு குழுவுக்கு அதே பெட்டியைத் திறந்தேன். அதே பாதை, அதே குதிரைகள். இவர்கள் வேகமானவர்கள், நான்கு காப்ளின்களும் செத்தன, யாரும் பேர் கேட்கவில்லை. ஓரத்தில் மங்கியிருந்த பென்சில் வரியை ஒருமுறை படித்தேன்: ‘கருவண்டு, இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.’ அடுத்த பக்கத்தைப் புரட்டி, “புதருக்குப் பின்னால் வடக்கே ஓர் ஒற்றையடிப் பாதை போகிறது” என்றேன்.